ஆற்றோரம் ஒரு சதுப்பு நிலம்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டிக் கோயில் மண்டபத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில், பங்கின் ஆற்றுக் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நிகழ்ச்சி நிரலில் எங்கள் குழுவுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னே பாடற்குழுவினர் பாடி உங்கள் உள்ளங்களை நிறைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னே சிறுவர் நாடகம் காத்திருக்கிறது. மேடைக்குப் பின்னால் மீசை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஏரோது மன்னரின் பொறுமையையும் நாங்கள் அறிவோம். இவை இரண்டுக்கும் நடுவே சேற்றையும் கோரையையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஆனாலும் ஆற்றங்கரையில் பிறந்து, ஆற்றங்கரையிலேயே ஐம்பது ஆண்டு வளர்ந்த ஒரு பங்கு, தன் பொன்விழாவில் அந்த ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் விட்டால் அது நன்றாகவா இருக்கும்?

நம்முடைய அடையாறு நீளத்தில் சிறிய ஆறுதான். மொத்தமே ஏறத்தாழ 42 கிலோமீட்டர். காவிரியைப் போல மலையில் பிறந்த ஆறும் அன்று. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற உபரிநீர் ஒன்றாகத் திரண்டு வருகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வந்து சேர்கிறது. பிறகு விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியிலும் புகுந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கடந்து, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் கடலை அடைகிறது. ஏரிகளின் பிள்ளை இந்த ஆறு. ஆகவே ஏரிகளுக்கு என்ன நேர்ந்தாலும் அது ஆற்றுக்கும் நேரும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

இந்தக் கரையோடு நம்மவர்களுக்கு உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சின்னமலையில் 1551-ஆம் ஆண்டிலேயே கோயில் எழுந்தது. பரங்கிமலைக்குத் திருப்பயணம் செல்வோர் ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்ததைக் கண்டு, ஆர்மீனிய வணிகரான கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்பவர் 1726-இல் தம் சொந்தச் செலவில் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலையேறப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. இன்று மறைமலையடிகள் பாலத்தில் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? மூக்கைப் பொத்திக்கொண்டு எப்போது அக்கரை வரும் என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மூக்கைப் பொத்துவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. குயிபிள் தீவுக் கல்லறைக்கு அடக்கத்துக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. அது ஏன் தீவு என்று நாங்கள் சிறுவயதில் யோசித்ததே இல்லை. அடையாற்றிலிருந்து கிளைத்து, அந்த நிலத்தை வளைத்துச் சுற்றிக்கொண்டு கிடக்கும் உப்பங்கழிதான் அதைத் தீவாக்கியது. ஆண்டுக்கணக்காக நாம் நம் பெரியவர்களை மண்ணில் இறக்கிவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பினோமே, அந்த நாற்றம் எழுந்த இடம் ஒரு காலத்தில் மடவையும் இறாலும் நண்டும் துள்ளிய நீர்நிலை. நம் பங்கின் மூத்த மீன்காரம்மா ஒருவர் எங்களிடம் சொன்னார்: "அப்பல்லாம் அங்க முட்டி அளவு தண்ணியில நின்னுக்கினு கையால நண்டு பிடிப்போம் கண்ணு. இப்ப கால வெச்சா சொறி வருது."

கழிமுகம் என்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்கிச் சொல்ல விரும்புகிறோம். இதைப் புரிந்துகொள்ளாமல் செய்த சேவைகள் எல்லாம் வீணாய்ப் போனதை நாங்களே பட்டு அறிந்தோம்.

கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் புகுந்து உள்ளே வருகிறது. இறங்கும்போது உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. மனிதன் மூச்சு வாங்கி விடுவதைப் போல. இந்த மூச்சு ஓடுகிறவரை கழிமுகம் உயிரோடு இருக்கும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற அந்தச் சேற்றில் புழு, பூச்சி, நத்தை, சிறு நண்டு எல்லாம் பெருகும். மீன் அங்கே குஞ்சு வளர்க்கும். அவற்றைத் தின்ன நாரையும் கொக்கும் உள்ளானும் வரும். வடக்கே குளிர் தாங்காமல் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் புறப்பட்டு வருகிற பறவைகள், ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை இரை தேடி இறங்குவது இப்படிப்பட்ட சேற்றில்தான். நாம் அருவருக்கிற சேறு அவற்றுக்கு விருந்து மேசை.

ஆனால் நம் கடற்கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மழைக்காலத்தில் ஆற்றில் வேகம் இருக்கும். அந்த வேகம் வாயில் சேரும் மணலை அடித்துக்கொண்டு போய்விடும். கோடையில் ஆற்றில் வேகம் இல்லை. மணல் திட்டு எழுந்து வாயை அடைத்துவிடும். அப்போது மூச்சு நின்றுபோகிறது. உள்ளே தேங்கிய நீரில் ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேர, நீரில் கரைந்த உயிர்வளி தீர்ந்து, மீன்கள் வயிறு தெரிய மிதக்கின்றன. ஆதலால்தான் முகத்துவாரத்து மணலை அவ்வப்போது தோண்டி வழிவிட வேண்டியிருக்கிறது.

இது இயற்கையின் ஒரு பகுதி. நாம் செய்தது அதைவிடப் பெரிது. சாக்கடையைத் திருப்பிவிட்டோம். குப்பையைக் கொட்டினோம். நகரத்தில் வீடுகளும் கட்டடங்களும் இடிக்கப்படும்போதெல்லாம், லாரி லாரியாகச் செங்கல்லும் காரையும் கழிக்கரையில் விழுந்தன. உப்பங்கழியின் பெரும்பகுதி மேடாயிற்று. மேட்டில் வேலிக்காத்தான் முளைத்தது. ஒரு தலைமுறைக்குள், அங்கே தண்ணீர் இருந்தது என்பதே மறந்துபோயிற்று.

"கொட்டினார்கள்" என்று சொல்லாமல் "கொட்டினோம்" என்று நாங்கள் சொல்வதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மண்டபம் கட்டுவதற்காகப் பழைய ஓட்டுக் கொட்டகையை இடித்தபோது எங்களில் சிலர் சிறுவர்கள். கல் சுமந்து லாரியில் ஏற்றினோம். லாரியின் பின்னால் உட்கார்ந்து போகும் ஆசையில் இருவர் ஏறிக்கொண்டார்கள். லாரி போய் நின்ற இடம் ஆற்றங்கரை. அங்கேயே கொட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு சர்பத்து வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினோம். தவறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆற்றங்கரை என்றால் அதற்குத்தான் என்று நினைத்திருந்தோம். நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் இந்த மண்டபத்தின் ஒரு பகுதி அங்கே நீருக்கடியில் கிடக்கிறது என்பதைப் பொன்விழா வரலாற்றில் யாரும் எழுதவில்லை. ஆகவே இங்கே சொல்லி வைக்கிறோம்.

இனி நல்ல செய்திக்கு வருகிறோம்.

மேடாகிப் போன அந்த உப்பங்கழியில் 58 ஏக்கர் நிலத்தை மீட்டெடுக்க அரசு முன்வந்தது. அதற்கென 2006-இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதுவே பின்னர்ச் சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று விரிந்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர் திட்டம் தீட்டிக் கொடுத்தார்கள். தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிடப்பட்டு 2011 சனவரியில் அது திறந்து வைக்கப்பட்டது. பூங்கா என்றதும் புல்தரையும் ஊஞ்சலும் வண்ண விளக்கும் என்று எண்ணிப் போனவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். அங்கே நடந்த வேலை வேறு.

முதல் வேலை தோண்டுவது. கொட்டியதையெல்லாம் அள்ளி, கழியின் பழைய ஆழத்தை மீட்டு, கடல் ஏற்றம் உள்ளே வந்து போகும்படி செய்தார்கள். வேலிக்காத்தானை வேரோடு எடுத்தார்கள். அதன் பிறகுதான் நடுவது. நீர் ஏறி இறங்கும் விளிம்பில் கண்டல் வகைகள். அதற்கு மேலே கோரையும் நாணலும். மேட்டில் இந்தக் கடற்கரைக்கே உரிய, வறட்சியிலும் பசுமை மாறாத நாட்டு மரங்கள். எதை எங்கே நடுவது என்று நிர்ணயித்தது நீரின் உப்பும் உயரமும்தான். அழகு பார்த்து நட்டதில்லை.

கண்டல் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சேற்றுக்குள் காற்று கிடையாது. சாதாரண மரத்தின் வேர் அங்கே அழுகிவிடும். வெண்கண்டல் என்ன செய்கிறது தெரியுமா? தன் வேரிலிருந்து பென்சில் பென்சிலாக நூற்றுக்கணக்கான முளைகளைச் சேற்றுக்கு மேலே நீட்டி, அவற்றின் வழியாக மூச்சு வாங்குகிறது. உப்பு அதிகமானால் இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். அந்த வேர்முளைகளுக்கு இடையில்தான் மீன்குஞ்சும் இறால் குஞ்சும் பெரிய மீனிடமிருந்து ஒளிந்துகொள்ளும். ஆற்றில் வரும் வண்டலைப் பிடித்து நிறுத்துவதும் அவைதான்.

தொடக்க ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளை முன்பதிவின் பேரில் குறித்த நாள்களில் உள்ளே அனுமதித்தார்கள். நாங்களும் நம் மறைக்கல்விப் பிள்ளைகள் இருபத்தேழு பேரை அழைத்துக்கொண்டு ஒரு காலையில் போனோம். தின்பண்டம் கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்றதும் பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. அரைமணி நேரம் நடந்தபின் ஒரு பையன், "இதுக்கா காலையில குளிச்சிட்டு வந்தோம்?" என்று கேட்டே விட்டான். நியாயமான கேள்விதான். சிங்கமா புலியா, என்ன இருக்கிறது அங்கே?

அப்போது உடன் வந்த வழிகாட்டி எங்களை ஓரிடத்தில் குந்தி உட்காரச் சொன்னார். அசையாமல் சேற்றைப் பாருங்கள் என்றார். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சேற்றில் ஒரு துளை, இன்னொரு துளை, அவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நண்டுகள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள், அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகின்றன. வயலின் வாசிப்பது போல இருக்கிறது என்றாள் ஒரு சிறுமி. ஒரு மீன்கொத்தி நீலக் கோடாக எங்கள் தலைக்கு மேல் பறந்தது. பவளம் போல் சிவந்த நீண்ட கால்களோடு உள்ளான்கள் இரண்டு, சட்டை அழுக்காகாமல் நடப்பவர் போல நீரில் நடந்தன. திரும்பும்போது, குளித்துவிட்டு வந்ததற்காக வருந்திய அந்தப் பையனைத்தான் கடைசியாக இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவன் இப்போது வளர்ந்து, எங்கள் குழுவில் பறவைக் கணக்கு எழுதுகிறான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

அந்த நாளின் உற்சாகத்தில்தான் நம் பங்கின் ஆற்றுக் குழு தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் இரண்டு தவறு செய்தோம். அவற்றையும் மறைக்க வேண்டாம்.

முதல் தவறு: அப்போதைய விழா நாளன்று கரையோரம் ஐம்பது மரக்கன்று நட்டோம். கொன்றையும் பூவரசும் தென்னையும் குல்மோகரும் கலந்து நட்டோம். மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டோம். பங்குனி மாதத்தில் போய்ப் பார்த்தால் ஏழோ எட்டோ பூவரசங்கன்றுகள் மட்டும் நின்றன. பூவரசு உப்பு தாங்கும். மற்றவற்றுக்கு அந்த மண் ஒத்துவரவில்லை. மண்ணைச் சுவைத்துப் பார்க்காமல் மரம் நட்டால் வேறென்ன நடக்கும்?

இரண்டாவது தவறு கொஞ்சம் மனத்தை உறுத்துவது. கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு ஞாயிறு மாலை நாற்பது பேர் அரிவாளோடு இறங்கினோம். பிளாஸ்டிக் குப்பையை எடுத்தது சரி. அதோடு நின்றிருக்கலாம். "காடு மாதிரி மண்டிக் கிடக்கிறதே" என்று சம்பங்கோரையையும் வெட்டிச் சாய்த்தோம். ஒரு கட்டை அரிந்தபோது உள்ளிருந்து தாழைக்கோழி ஒன்று அலறிக்கொண்டு ஓடியது. கோரையை மடித்துப் பின்னிய கூடு; அதில் ஐந்து முட்டைகள், பழுப்பு நிறத்தில் செம்புள்ளிகளோடு. நாங்கள் வெட்டியதை மறுபடி அள்ளி அதன்மேல் போர்த்தி வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது முட்டைகள் இல்லை. காக்கையோ கீரியோ கொண்டு போயிருக்கும். சுத்தம் என்பது நம் கண்ணுக்கு ஒன்று, கோழிக்கு வேறொன்று என்று அன்று தெரிந்துகொண்டோம். அதிலிருந்து, எதையும் வெட்டுவதற்கு முன் ஓர் ஆண்டு முழுக்கச் சும்மா பார்ப்பது என்று விதி வைத்திருக்கிறோம். சும்மா பார்ப்பதற்கு ஒரு குழுவா என்று சிலர் கேலி செய்கிறார்கள்.

தவறு செய்தவர்கள் நாம் மட்டுமல்லர் என்று ஆறுதல் கொள்ள ஒரு பெரிய எடுத்துக்காட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிம்மி என்று ஓர் ஆறு. 103 மைல் தூரம் வளைந்து வளைந்து ஓடிய ஆறு. வெள்ளத்தைத் தடுக்கிறோம் என்று 1962 முதல் 1971 வரை அதைத் தோண்டி நிமிர்த்தி, 56 மைல் நீளமும் 30 அடி ஆழமும் உள்ள நேரான கால்வாயாக்கினார்கள். இருகரையிலும் இருந்த சதுப்பு காய்ந்தது. அங்கே குளிர்காலத்தில் வந்த நீர்ப்பறவைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வராமல் நின்றுபோயின. செய்தது பிழை என்று உணர்ந்து, அதை மீட்க 1992-இல் சட்டம் இயற்றினார்கள். 1999-இல் கால்வாயை மூடத் தொடங்கினார்கள். 2021-இல்தான் வேலை முடிந்தது. வெட்டியதும் இராணுவப் பொறியாளர் படை, மூடியதும் அதே படை. வெட்ட ஒன்பது ஆண்டு. மூட இருபத்திரண்டு ஆண்டு. பழைய வளைவுகளில் 44 மைலில் மறுபடி தண்ணீர் ஓடுகிறது. நாரைகள் திரும்பிவிட்டன. ஆனால் அந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: கெடுப்பதைக் காட்டிலும் திருத்துவதற்கு இருமடங்குக்கு மேல் காலம். நம் இடித்த செங்கல் லாரியில் போய்க் கொட்ட எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே!

சதுப்பு நிலம் பறவைக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை மறந்தவர் இந்த மண்டபத்தில் இல்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அதோடு மேலே உள்ள மற்ற ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த நீரும் சேர்ந்து வந்தது. அந்தத் தண்ணீர் நின்று இளைப்பாற வழியில் ஒரு தாழ்நிலம் மிச்சமிருந்ததா? இருந்ததையெல்லாம் மேடாக்கி வீடு கட்டியிருந்தோம். எனவே அது வீடுகளுக்குள் நின்றது. நம் பங்கு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1977-இலும் ஒரு வெள்ளம் வந்தது. கழிமுகத்தில் மீனவர்களுக்காக 1967-இல் கட்டிய பாலம் அதில்தான் உடைந்தது. இன்றும் உடைந்த பாலம் என்றே அதற்குப் பெயர். அந்த வெள்ளத்தில் கோயில் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2015-இல் பீடத்தின் படிவரை வந்தது. நற்கருணைப் பேழையை மாடிக்கு எடுத்துச் சென்ற இளைஞர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்த அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள், சமயம் பாராமல், பதினோரு நாள் இந்த மண்டபத்தில் தங்கின. இந்த மேடையில்தான் சமையல் நடந்தது.

இப்போது சொல்லப் போவதுதான் எங்களுக்குக் கடினமான பகுதி.

அந்தக் குடும்பங்கள் இன்று ஆற்றங்கரையில் இல்லை. வெள்ளத்துக்குப் பின் ஆற்றைச் சீரமைக்கும் வேலை தொடங்கியபோது, கரையிலிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டன. மக்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பள்ளி ஆண்டின் நடுவில், தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் போனதை நாம் சாலையோரம் நின்று பார்த்தோம். நம் பங்கின் ஓர் அன்பியம் அப்படியே காலியாயிற்று. இங்கே நான்கு வீட்டில் வேலை பார்த்த தாய்மார்கள், விடியற்காலை பேருந்து பிடித்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து அதே வேலைக்கு வந்தார்கள். முடியாதவர்கள் வேலையை விட்டார்கள். பிள்ளைகளில் சிலர் படிப்பை விட்டார்கள்.

கரையில் வீடு இருந்தால் உயிருக்கு ஆபத்து என்பது உண்மை. 2015-இல் நாம் கண்ணால் கண்டோம். ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு, அதை நாங்கள் மறுக்க முடியாது. ஆனால் ஆற்றை ஆக்கிரமித்தவர் குடிசைவாசி மட்டும்தானா? அதே கரையில் நின்ற பெரிய கட்டடங்களுக்கு லாரி வரவில்லையே என்று அவர்கள் எங்களிடம் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. இன்னொன்று, பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே, அதன் தொடர்ச்சியான தாழ்நிலத்தில். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலம் என்று அறிவிக்கப்பட்டதே, அந்தப் பள்ளிக்கரணை. ஒரு சதுப்பை மீட்கிறோம் என்று அங்கிருந்து எடுத்த மக்களை இன்னொரு சதுப்பின் ஓரத்தில் கொண்டு வைத்திருக்கிறோம். கனமழை பெய்தால் அந்தப் பக்கத்துத் தெருக்களிலும் தண்ணீர் நிற்கிறது.

சென்ற தவக்காலத்தில் அவர்களில் சிலரை அழைத்து வந்து, மீண்ட கழிக்கரையைக் காட்டினோம். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். ஓர் ஆயா வெகுநேரம் கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "கொக்குக்கு எடம் குடுத்துட்டாங்க. நல்லதுதான். அதுங்க எங்க போகும் பாவம்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு. இல்லை என்று சொல்பவர்கள் எங்களில் இளையவர்கள்.

அதே ஆயாதான் அன்று எங்களுக்கு உமிரிச் செடியைக் காட்டித் தந்தார். உப்பு மண்ணில் சிவந்து படர்ந்து கிடக்கும் பூண்டு. அதைப் பறித்துக் கழுவிப் பருப்போடு சேர்த்துக் கடைவார்களாம், உப்பே போட வேண்டாமாம். எந்தத் திட்டில் எந்த மாதம் மடவை ஏறும், எங்கே கால் வைத்தால் புதையும், வாயில் மணல் எப்போது அடைக்கும் என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் பத்து ஆண்டாகப் புத்தகமும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டது அதில் பாதி இருக்காது. கழிமுகத்துக்குப் பார்வையாளர்கள் வருவார்கள் என்றால், அவர்களுக்கு வழிகாட்ட இவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? கண்டல் நாற்றுப் பண்ணையில் கூலிக்கு ஆள் தேடுகிறார்களே, சேற்றில் நடக்கத் தெரிந்த அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளை ஏன் முதலில் அழைக்கக் கூடாது? இதை மனுவாக எழுதியிருக்கிறோம். கோயில் வாசலில் மேசை போட்டு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புவோர் போடலாம்.

அடுத்தவருக்கு மனு எழுதுவது எளிது. நம் வீட்டு விஷயத்துக்கும் வருகிறோம். பொன்விழாக் குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

கோயிலுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமாக முப்பது சென்ட் தாழ்ந்த நிலம் கிடக்கிறது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தை மாதத்துக்குப் பிறகு சேறு. கோடையில் வெடித்துக் கிடக்கும். கொசு வருகிறது என்றும் பாம்பு வருகிறது என்றும் ஆண்டுதோறும் பங்குப் பேரவையில் புகார். பொன்விழா நினைவாக அதை மண்ணடித்து மேடாக்கி, சிமெண்டுத் தளம் போட்டு, வாகனங்கள் நிறுத்தவும் பக்கத்தில் நான்கு கடை கட்டி வாடகைக்கு விடவும் திட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வாடகை வந்தால் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி தரலாம் என்ற நல்ல நோக்கத்தையும் நாங்கள் அறிவோம்.

எங்கள் வேண்டுகோள் இது: அந்த நிலத்தை மூடாதீர்கள். 2015-இல் தண்ணீர் பீடத்தின் படியோடு நின்று மேலே ஏறாததற்கு அந்தத் தாழ்நிலமும் ஒரு காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கொசுவுக்கு மருந்து அங்கேயே இருக்கிறது. குப்பையை எடுத்து, நீர் தேங்கும் பகுதியைக் கொஞ்சம் ஆழப்படுத்தி, கெண்டைக் குஞ்சு விட்டால் கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும். ஓரத்தில் பூவரசும் தாழையும் வைக்கலாம். உட்காரக் கல் பலகை இரண்டு போடலாம். கடை வாடகைக்கு ஈடாக வேறு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. மண்டபத்து மாடியில் வகுப்பறை கட்டி வாடகைக்கு விடலாமா என்று கணக்குப் போட்டோம், பாதிதான் தேறுகிறது. மீதிக்கு எங்கள் குழுவில் உள்ள பதினான்கு குடும்பங்கள் மாதந்தோறும் ஆளுக்கொரு தொகை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தாளைப் பங்குத்தந்தையிடம் இன்று மாலை ஒப்படைத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவை கூடி இதை முடிவு செய்யப் போகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, விருப்பமுள்ளவர்களை அந்த நிலத்துக்கு அழைக்கிறோம். இந்தக் கார்த்திகை மழைக்குப் பிறகு அங்கே நாங்கள் கண்டவை பதினொரு வகைப் பறவைகள். நத்தைகுத்தி நாரை ஒன்று மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது. வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட வேண்டாம், பறவைகள் மிரளும். பழைய செருப்புப் போட்டு வாருங்கள். பெரும்பாக்கத்துக் குடும்பங்கள் வந்து போக வேன் ஒன்று பேசியிருக்கிறோம். அது அதிகாலை நாலரைக்கு அங்கிருந்து புறப்படும். ஆயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். உமிரிக் கடைசல் அவர் செய்து கொண்டு வருகிறார். சோறு மட்டும் நாம் வடித்து வைத்தால் போதும் என்றார்.

ஏரோது மன்னர் எட்டிப் பார்க்கிறார்.